கேட்பவருக்கு ஒரு புத்தகம், சொல்பவருக்கு ஒரு புத்தகம்

கல்யாணப் பேச்சு வந்தால் விசாரிப்பது எங்கள் வழக்கம். டென்மார்க்குக்கு வந்து உடுப்பை மாற்றினோம், சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம், பிள்ளைகளின் மொழியும் மாறிப்போனது. இந்த வழக்கம் மட்டும் கப்பலிலிருந்து இறக்கிய பெட்டிபோல அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரைத் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். வேறு எதையோ கதைப்பதுபோலத் தொடங்க வேண்டும். முதலில் எதை விசாரிப்பார்கள் என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அதைக் கேள்வியாகக் கேட்காமலே கேட்பார்கள், பதிலும் பதிலாக இல்லாமலே வந்து சேரும்.

நான் இருக்கும் ஹோர்சன்ஸில் என்னைப் "பேப்பர் அக்கா" என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் சில வருடம் துணை ஆசிரியையாக இருந்ததற்கு இது தண்டனை. இங்கே ஒரு பெரிய களஞ்சியத்தில், வந்திறங்கும் பொருள் கேட்ட பொருள்தானா என்று சரிபார்ப்பது என் வேலை. இரண்டு வேலைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அன்றைக்கு மழைச்சட்டையோடு என் வாசலில் நின்றவர், எங்கள் ஊர்ச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துபவர். இறந்துபோன என் கணவரின் நண்பர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, மகளுக்கு ஒரு பேச்சு வந்திருக்கு. பெடியன் எஞ்சினியர். ஹ்விடோவ்ரே ஆக்கள். எல்லாம் விசாரிச்சாச்சு. எல்லாம் சரி."

"அப்ப என்ன முகம் இது?"

"தாய்க்காரி ரெலிபோனில கதைக்கேக்க, தன்ர மனிசன்ர பூட்டன் பதிப்பாளர் எண்டவ. அந்தக் காலத்தில சென்னையில அச்சுக்கூடம் வைச்சுப் புத்தகம் போட்டவராம். எனக்கெண்டா பெரிய சந்தோசம். என்ன புத்தகம் போட்டவர் எண்டு கேட்டன்."

"என்னவாம்?"

"'எல்லா விதமான புத்தகமும்' எண்டா. அந்தக் கையோட மழையைப் பற்றிக் கதைக்கத் துவங்கீட்டா."

"டென்மார்க்கில மழையைப் பற்றிக் கதைக்காமல் வேற எதைக் கதைக்கிறது, அண்ணை?"

அவர் சிரிக்கவில்லை. பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் மீது அவருக்குக் கடவுள் பக்திக்குச் சற்றுக் கீழான ஒரு பக்தி உண்டு. அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில், அவர் என்ன பதிப்பித்தார் என்று தெரியாமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் ஏதோ இருக்கிறது. ஒன்றைக் கொட்டி முழக்குகிறவர்கள் இன்னொன்றை மூடுகிறார்கள். இதில் நானும் அவர் பக்கம்தான். செய்தி அறையில் எனக்கு முதலில் சொல்லித் தந்ததே அதுதான்.

ஆனால் அவருக்கு எதிரில் வேறொரு விஷயமும் நின்றது. மகள் ஓகூஸ் நகரில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இதற்கு முன் வந்த இரண்டு பேச்சுகள் அவருடைய விசாரணையால் நின்றுபோயின. ஒன்றில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சீட்டு விளையாடுகிறவர் என்று தெரியவந்தது. மற்றதில் என்ன தெரியவந்தது என்று அவருக்கே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. இந்தப் பையனை மகளுக்குப் பிடித்திருந்தது. இருவரும் ஒருமுறை சந்தித்துக் கதைத்திருந்தார்கள். இதையும் குழப்பினால் இனி ஒரு பேச்சும் வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதை டேனிஷில் சொன்னாள் என்பதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது.

"நீர் பேப்பரில இருந்தனீர். ஒருக்காப் பாரும். நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் எனக்கு உள்ளதைச் சொல்லும்."

ஓம் என்றேன்.

தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் என் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். அவளுடைய பேரப்பிள்ளையின் பிறந்தநாள் எனக்குச் சாட்டாக வாய்த்தது. மாப்பிள்ளை வீடு அதே தெருவில், மஞ்சள் செங்கல் வரிசை வீடுகளில் ஒன்று. கேக் வெட்டி முடிந்ததும், சும்மா நடந்துவிட்டு வருவோம் என்று தங்கை என்னைக் கூட்டிப்போனாள். சும்மா நடந்த நாங்கள் நேராக அவர்கள் வாசலில் போய் நின்றோம்.

மாப்பிள்ளையின் தாய் கதவைத் திறந்தார். மணி அடித்ததற்கும் கதவு திறந்ததற்கும் இடையில் எந்த அவசரமும் இல்லை. அவர் நல்ல சேலை கட்டியிருந்தார். மேசையில் வடையும் பற்றிசும் தயாராக இருந்தன. சும்மா நடந்து வரப்போகிறவர்களை யாரோ முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். என் தங்கை சுவரைப் பார்த்தாள்.

நானும் சுவரைப் பார்த்தேன். அங்கே சட்டம் போட்ட ஒரு படம். பழைய தமிழ்ப் புத்தகமொன்றின் முதற்பக்கத்தின் பிரதி. கீழ்ப் பாதியில் பதிப்பித்தவரின் பெயர், அச்சுக்கூடம், "இதன் விலை காலணா" என்ற வரி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மேற்பாதி தெரியவில்லை. படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை மட்டை மூன்று பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தது. மேலே மட்டும் ஒரு சாண் அகலம். புத்தகத்தின் தலைப்பு அந்த மட்டைக்குள் இருந்தது.

பதிப்பாளரின் பெயரைக் காட்டிப் புத்தகத்தின் பெயரை மறைக்கும் படத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"இது உங்கட ஆளின்ர பூட்டன்ர புத்தகமோ?" என்று கேட்டேன்.

"ஓம். சாப்பிடுங்கோ. வடை ஆறப்போகுது."

"என்ன புத்தகம்?"

"பழைய புத்தகம். நீங்கள் உறைப்புச் சாப்பிடுவியளோ? சம்பல் உறைப்புப்போல."

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். பெண்ணின் தகப்பனார் சரியான கண்டிப்போ? பள்ளியில் பிள்ளைகளுக்கு அடிக்கமாட்டாரோ? இங்கே அடிக்க ஏலாதுதான், அவர் ஏசுவாரோ? முன்னம் வந்த இரண்டு பேச்சும் ஏன் நின்றது? ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் என் தட்டில் ஒரு வடை விழுந்தது. நான் ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவதற்குள் அவர் என்னிடம் நான்கு வாங்கிவிட்டார். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்:

"அக்கா, நீங்கள் பேப்பரில இருந்தனீங்களாமே. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு நினையாதேங்கோ."

தெருவில் இறங்கியதும் தங்கையிடம் கேட்டேன். "ஆர் சொன்னது?"

"நான் ஏனக்கா சொல்லப்போறன்?" என்றாள். அது மறுப்பு இல்லை.

சட்டத்தின் கீழ்ப் பாதியில் கண்ட பெயர் எனக்குப் போதும். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஒளிநகல் எடுத்து வலையில் வைத்திருக்கும் நூலகங்கள் உண்டு. வேலை முடிந்து வந்து அந்தப் பெயரைத் தேடினேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. அச்சுக்கூடத்தின் பெயரால் தேடியபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பல்லி விழும் பலன். கனாப் பலன். மச்ச பலன். ஜாலவித்தைப் புத்தகம் ஒன்று. விகடப் புத்தகம் ஒன்று. கைமருந்துப் புத்தகம். ரங்கூனிலும் பினாங்கிலும் இருக்கும் மகன் தகப்பனுக்குக் கடிதம் எழுதும் வகை. தகப்பன் மகனுக்குப் பதில் எழுதும் வகை தனிப் புத்தகம், தனி விலை. எல்லாம் முப்பது நாற்பது பக்கம், மட்டமான தாள், பிழை மலிந்த அச்சு. நண்பர் எதிர்பார்த்த ஏட்டுச்சுவடிப் பதிப்பு ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சந்தைக்குப் போனவர்கள் புளியோடும் வெற்றிலையோடும் சேர்த்து வாங்கிப்போன புத்தகங்கள் இவை.

ஆளை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. படிக்கப் படிக்க அந்தத் தொழில் எனக்குப் புரிந்தது. கனாப் புத்தகத்தில் கெட்ட கனா ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: இதற்குப் பரிகாரம் எமது இன்ன புத்தகத்தில் காண்க. காலணா கொடுத்துப் பயத்தை வாங்கியவர், பயம் தெளிய இன்னொரு காலணா கொடுக்க வேண்டும். ஜாலவித்தைப் புத்தகத்தில் ஒரு காசை மறைக்கும் வித்தையை நான் சமையலறையில் செய்து பார்த்தேன். காசைத் துளைத்து நூல் கோக்க வேண்டும் என்கிறார். டென்மார்க்கின் குரோனர்க் காசில் ஓட்டை முன்பே இருக்கிறது. நூல் போனது, காசு மறையவில்லை. ஒரு படியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்பது என் சந்தேகம். அந்தப் படி அடுத்த பாகத்தில் இருக்கும்.

எல்லாப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை. தம் கையொப்பம் இல்லாத பிரதி திருட்டுப் பிரதி, வாங்குவோர் ஏமாறவேண்டாம். இன்னொரு அச்சுக்கூடத்தார் போட்ட பல்லிப் புத்தகத்திலும் எச்சரிக்கை உண்டு. அதில் திருடன் என்று குறிப்பிடப்படுவது நம்முடைய பூட்டன். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருவரும் விற்கிறவர்கள். விற்கிறவன் போட்டிக்காரனைப் பற்றிச் சொல்வதை நான் ஒரு நாளும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

கடைசியில் அகப்பட்டவை இரண்டும் ஒரு சோடி. ஒன்று, பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கும் முறை. கிணற்றடியில் யாரிடம் கேட்பது, எந்தச் சாட்டில் வீட்டுக்குள் போவது, போனால் எதைப் பார்ப்பது. "சுவரைப் பார்" என்று ஒரு துணைத்தலைப்பே இருந்தது. மற்றது, விசாரிக்க வருகிறவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் விடை சொல்லும் முறை. சங்கடமான கேள்வி வந்தால் பலகாரத்தைப் புகழ்ந்து பரிமாறுக. வந்தவரை நீங்கள் முந்திக் கேட்க. கேட்பவருக்கும் விற்று, கேட்கப்படுபவருக்கும் விற்றிருக்கிறார் மனிதர்.

ஹ்விடோவ்ரே வடைகளை நினைத்துக்கொண்டேன்.

நண்பருக்குச் சொல்லுமுன் அவர் மகள் வந்துவிட்டாள். ஓகூஸிலிருந்து ரயிலில் வந்து, தகப்பன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

"அன்ரி, நீங்கள் என்ன கண்டுபிடிச்சீங்கள்?"

"அப்பாவுக்குத்தான் முதல் சொல்ல வேணும்."

"கல்யாணம் எனக்கு." அதைத் தமிழில் சொன்னாள். மிச்சத்தை டேனிஷில் சொன்னாள்: நூற்று முப்பது வருடத்துக்கு முன் புத்தகம் போட்ட ஒருவரை வைத்துத் தன்னுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறார்கள், இதை ஆய்வுகூடத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

காட்டினேன். அவள் தமிழை வாசிப்பாள், மெதுவாக. பத்து வருடம் தகப்பனின் சனிக்கிழமை வகுப்பில் சின்னக் கதிரையில் இருந்து படித்தது. கடினமான இடங்களை நான் வாசித்துக் காட்டினேன். பல்லி இடது தோளில் விழுந்தால் என்ன என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சோடிப் புத்தகங்களுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இந்த ஆள் எப்பவும் இப்பிடித்தான் எழுதுவாரோ? செய்யக்கடவர், போகலாகாது..."

"அந்தக் காலத்து நடை."

"இதின்ர லிங்கை எனக்கு அனுப்புங்கோ."

"ஏன்?"

"சும்மா."

எங்கள் ஆட்கள் சும்மா என்று சொன்னால் நான் குறித்துக்கொள்வது வழக்கம். அனுப்பினேன்.

அடுத்த நாள் நண்பருக்கு முழுவதும் சொன்னேன். மறைத்த மட்டை, காலணா, பல்லி, கனா, போட்டிக்காரரின் எச்சரிக்கை. கடைசியானதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கேட்டது முதலாவதை மட்டும்தான்.

"பல்லிப் புத்தகமோ?"

"ஓம்."

"கம்பனை இல்லை, சங்கத்தை இல்லை. பல்லி."

"பல்லியும் விழத்தானே அண்ணை செய்யுது."

"பகிடி விடாதையும். பல்லி எண்டு முதலே சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டு விட்டிருப்பன். ஏன் மறைச்சவை? இதை மறைக்கிற ஆக்கள் வேற என்னத்தை மறைக்கமாட்டினம்?"

சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் கடைசிக் கேள்வி நியாயமானது.  மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. வரவேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. வரட்டும், பார்த்துச் சொல்வோம் என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள், மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டு. நண்பரின் மனைவி மேசையை நிரப்பியிருந்தார். நான் உதவிக்கு என்ற பெயரில் அங்கே இருந்தேன். உண்மையில் சாட்சிக்கு. மகள் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். தட்டுத் தூக்கவில்லை, மாப்பிள்ளைக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ரயில் தாமதங்களைப் பற்றி டேனிஷில் கதைத்தார்கள். ஒருமுறை மட்டும் சந்தித்தவர்கள் கதைக்கும் விதத்தில் கதைக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

மாப்பிள்ளையின் தகப்பன் அமைதியான மனிதர். தேநீரை ரசித்துக் குடித்தார். கோயில், காலநிலை, முழங்கால் வலி எல்லாம் முடிந்தபின் நண்பர் தொண்டையைச் செருமினார்.

"உங்கட பூட்டன் போட்ட புத்தகம் ஒண்டாவது வீட்டில வைச்சிருக்கிறியளோ?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, அதாவது மாப்பிள்ளையின் தாய், கைப்பையைத் திறந்து, பட்டுத்துணி ஒன்றில் சுற்றிய மெல்லிய புத்தகத்தை எடுத்தார். முதல் நாளே எடுத்து வைத்திருந்தவர்போல எடுத்தார்.

"அண்ணை, பல்லிப் புத்தகக்காரர் எண்டுதான் இவற்ற ஆக்களை ஊரில பழிக்கிறவை. நான் கட்டி வந்த நாளில இருந்து கேக்கிறன். என்ர கலியாணத்திலேயே ஒருத்தர் வந்து, பொம்பிளைக்கு எந்தத் தோளில பல்லி விழுந்தது எண்டு கேட்டவர். படிப்பிக்கிற ஆக்களுக்கு முன்னால இதை எப்பிடிச் சொல்லுறது? பதிப்பாளர் எண்டன். பொய் இல்லைத்தானே. மிச்சத்தை அக்கா சொல்லியிருப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

புத்தகத்தை நண்பர் கை நீட்டி வாங்கப் பார்த்தார். அந்த அம்மா அதை அவரிடம் கொடுக்கவில்லை. மேசைக்குக் குறுக்கே நீட்டி மகளிடம் கொடுத்தார். "பிள்ளை, நீர் பாரும்." கொடுத்த கையை நான் கவனித்தேன். அட்டையையும் கவனித்தேன். மாப்பிள்ளை வீட்டார் விடை சொல்லும் முறை. நான் வலையில் பார்த்த அதே பதிப்பு.

நண்பர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த அம்மாவின் நேர்மை பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் மனிதர் மூன்று கிழமையாக ஒரு முடிவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

"அதுக்கென்ன," என்றார். "நல்லது. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

எங்களுக்குள் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைத் தட்டில் வைத்தார். மாப்பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை, ஆனால் இந்தச் சொல் அவருக்கும் விளங்கியது. நண்பரின் மனைவி கண்ணை மூடினார். அந்த அம்மா பட்டுத்துணியை மடிக்கத் தொடங்கினார்.

"அப்பா, பொறுங்கோ," என்றாள் மகள். புத்தகம் விரிந்து அவள் கையில் இருந்தது. "இதில இதைப் பற்றி இருக்கு."

வாசித்தாள். தமிழ்ப் பள்ளி மேடையில் வாசிக்கும் குரல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி:

"பெண்ணைப் பெற்றவர், இல்லையென்று சொல்லத் துணிவின்றி, யோசித்துச் சொல்லுகிறோம் என்பார். அவ்வேளையில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகலாகாது. இன்னுமொரு கோப்பை தேநீர் கேட்டு, இருந்த இடத்திலேயே இருக்கக்கடவர். தேநீர் ஆறுமுன் யோசனை முடிந்துவிடும்."

 பிறகு மாப்பிள்ளையின் தகப்பன், அந்த அமைதியான மனிதர், கோப்பையைத் தட்டோடு தூக்கி நண்பரின் மனைவியிடம் நீட்டினார்.

"அப்ப எனக்கு இன்னொரு தேத்தண்ணி, தங்கச்சி. சீனி கொஞ்சம் கூட."

முதலில் சிரித்தது நண்பரின் மனைவி. பிறகு மாப்பிள்ளை, யாரோ மொழிபெயர்த்துச் சொன்னபின். பிறகு நாங்கள் எல்லோரும். அந்த அம்மாவும் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கோப்பையை நீட்டினார். நண்பர் கடைசியாகத்தான் சிரித்தார். சிரிக்குமுன் மகளை ஒருமுறை பார்த்தார், புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"பொல்லாத மனிசன் உங்கட பூட்டன்," என்றார். "எனக்கும் ஊத்துங்கோ."

புத்தகம் அதற்குப்பின் வேறு யார் கைக்கும் போகவில்லை. மகள் அதைத் துணியில் சுற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவர்கள் புறப்படும்போது எந்த மாதம் என்று கதைக்கும் அளவுக்கு வந்திருந்தது.

அந்த வரியை வலையில் வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து ஒளிநகலைத் திறந்தேன். முதற்பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை வரிவரியாகப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை. யோசித்துச் சொல்லுகிறோம் இல்லை, கோப்பை இல்லை, தேநீர் இல்லவே இல்லை. இரண்டாம் பதிப்பில் இருக்குமோ என்று தேடினேன். இரண்டாம் பதிப்பே இல்லை.

உள்ளதைச் சொல்லும் என்று கேட்டவர் நண்பர். ஓம் என்றவள் நான். ஆனால் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பூட்டனை மறைத்தது போதாதென்று மகளும் பொய் வாசித்தாள் என்றாகிவிடும். அவரிடமிருந்து ஒதுங்கி இருந்தேன். தொலைபேசி வந்தால் வேலை என்றேன்.

அவரே வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தப் புத்தகம் வலையில இருக்கெண்டனீர். அண்டைக்கு அவள் வாசிச்ச பக்கத்தைக் காட்டும்."

"ஏன், அண்ணை?"

"சும்மா."

திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் வைக்கப்போவதுபோல எழுந்து நின்றேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பக்கம் பக்கமாக நகர்த்தி வாசித்தார். அச்சுப்பிழை வந்த இடங்களில் உச்சுக்கொட்டினார். நான் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து நின்றது. அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"இதில தேத்தண்ணி இல்லை," என்றார்.

"இல்லை."

"எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தக் காலத்தில வீட்டுக்கு வந்தவைக்கு மோர் குடுத்திருப்பினம், இளநி வெட்டியிருப்பினம். கோப்பையில தேத்தண்ணி ஆர் குடுத்தது? தேத்தண்ணி எண்ட உடன எனக்கு விளங்கீட்டுது, இது அவளின்ர வேலை."

"பிறகேன் சிரிச்சனீங்கள்?"

 அன்றைக்கே தெரியும் என்பது உண்மையா, இப்போது பக்கத்தைப் பார்த்தபின் முகத்தைக் காப்பாற்றச் சொல்வதா என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பிந்தியதை நான் கண்டேன். அதற்கு மேல் எனக்கு ஆதாரம் இல்லை.

"அது கிடக்கட்டும்," என்றார். "நான் கேக்க வந்தது வேற. புத்தகம் அந்த மனிசியின்ர. தன்ர புத்தகத்தில அப்பிடி ஒரு வரி இல்லையெண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?"

"வாசிச்சிருந்தா."

"பட்டுத் துணியில சுத்தி வைச்சிருக்கிற மனிசி வாசிக்காமல் இருப்பாவோ? கல்யாண வீட்டில பல்லி எந்தத் தோள் எண்டு கேட்டவங்களுக்காகவே ஒவ்வொரு எழுத்தாப் பாடமாக்கியிருப்பா. என்ர பிள்ளை அவவின்ர புத்தகத்தில இல்லாததை அவவுக்கு முன்னால வாசிக்குது. மனிசி வாய் திறக்கேல்லை. கோப்பையை நீட்டுறா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வீட்டில என்ர பிள்ளையைக் காட்டிக்குடுக்கமாட்டினம், தங்கச்சி. நான் விசாரிக்க வேண்டியது இதுதான். போதும், இனி விசாரிக்க வேண்டாம்."

புத்தகத்தை நேராக மகளிடம் நீட்டிய அந்தக் கையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு முறை சந்தித்தவர்கள்போலக் கதைக்காத இருவரைப் பற்றியும் சொல்லவில்லை. அந்த அம்மா, மகள், மாப்பிள்ளை மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்களா என்று இரண்டு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடலாம். அழைக்கவில்லை. அவருக்குப் போதும் என்றது எனக்குப் போதவில்லைதான், ஆனால் கல்யாணம் என்னுடையது அல்ல. கணினியை மூடி வைத்துவிட்டு, தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்து, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.